'கிவ் அப்': ஓர் ஆங்கிலச் சொல்லும் நம் வீட்டு வழக்கமும்



ஆங்கிலம் கற்பவர்க்கு மிகுந்த தொல்லை தருவன நீண்ட சொற்கள் அல்ல. மிகச் சிறிய சொற்களே. கடினமான சொல் ஒன்றைக் கண்டால் நாம் அகராதியைப் புரட்டுகிறோம். 'கிவ்', 'டேக்', 'புட்', 'கெட்' போன்ற சொற்களைக் கண்டாலோ, 'தெரிந்த சொல்தானே' என்று கடந்து செல்கிறோம். அங்கேதான் இடறுகிறோம். அத்தகைய சிறு சொற்கள் இரண்டு சேர்ந்து உண்டாகும் 'கிவ் அப்' என்னும் வினையை இக்கட்டுரையில் காண்போம். இச்சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், வல்லத்தை அடுத்த சிற்றூரில் வாழும் எம் உறவினரான மூதாட்டி ஒருவர், பெங்களூரில் பணிபுரியும் தம் பேரனின் இல்லத்திற்குச் சென்றிருந்தார். அது தசலட்சண பருவ காலம். அம்மையார் நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்ணும் ஏகபுக்த விரதம் மேற்கொண்டிருந்தார். இடையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பேரன் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். அங்கிருந்த இளம் மருத்துவர் வடநாட்டவர், தமிழ் அறியார். "ஒழுங்காக உணவு உட்கொள்கிறாரா?" என்று அவர் ஆங்கிலத்தில் வினவினார். பேரன், "ஷீ ஹேஸ் கிவன் அப் ஃபுட், டாக்டர்" என்று விடையிறுத்தான்.

மருத்துவரின் முகம் மாறியது. வீட்டில் ஏதேனும் மனத்தாங்கலா, அம்மையாருக்கு வாழ்வில் வெறுப்புத் தோன்றியுள்ளதா, எத்தனை நாட்களாக இந்நிலை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலானார். மனநல மருத்துவர் ஒருவரையும் பார்ப்பது நல்லது என்றார். பேரன் திகைத்து நின்றான்.

"என்னப்பா கேட்கிறார்?" என்றார் பாட்டி. பேரன் தயங்கித் தயங்கிக் கூறினான்.

"மனம் வெறுத்துச் சோற்றை விட்டுவிட்டேன் என்றா சொன்னாய்? விரதம் என்று சொல்லப்பா. பாரணைக்கு இன்னும் இரண்டு நாள்தான் என்றும் சொல்" என்றார் அவர்.

'ஃபாஸ்டிங்' என்னும் ஒரு சொல்லைக் கேட்டதும் மருத்துவர் தெளிவடைந்தார். பாட்டி உண்ணும் வேளை எது எனக் கேட்டறிந்து, அவ்வேளைக்குப் பொருந்துமாறு மருந்து எழுதிக் கொடுத்தார்.

இதில் மருத்துவர் மீது பிழை ஏதுமில்லை. தம் செவியில் விழுந்த ஆங்கிலத்திற்கு உரிய கடமையையே அவர் செய்தார். பேரனும் இலக்கணப் பிழை செய்தானல்லன். 'பாட்டி சாப்பாட்டை விட்டிருக்கிறார்' என்று நாம் வீட்டில் பேசுவதை அவன் அப்படியே ஆங்கிலமாக்கினான். பிழை நேர்ந்தது சொல்லின் தேர்வில்தான். 'விட்டார்' என்று நாம் கூறும்போது, எம்மனத்தோடு விட்டார் என்பதை நம் வீட்டார் அறிவர். 'கிவ் அப்' என்பதைக் கேட்கும் அயலார் அதனை அறியார். அச்சொல்லின் பல பொருள்களையும் முறையாகக் கற்றாலன்றி இத்தகைய இடர்ப்பாடு நீங்காது.

சொல்லின் அமைப்பு

'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. ஆயினும் இரண்டும் சேர்ந்தால் 'மேலே கொடு' என்னும் பொருள் வருவதில்லை. இவ்வாறு ஒரு வினைச்சொல்லும் ஒரு சிறு இடைச்சொல்லும் கூடிப் புதுப்பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தார் 'ஃபிரேசல் வெர்ப்' என்பர். நாம் கூட்டுவினை எனலாம்.

இங்கு 'அப்' என்பது முற்றுப்பெறுதலை உணர்த்துகிறது. 'ஈட் அப்' என்றால் எஞ்சாமல் உண்ணுதல். 'யூஸ் அப்' என்றால் முழுவதும் பயன்படுத்தித் தீர்த்தல். தமிழில் இதே பணியைச் செய்வது 'விடு' என்னும் துணைவினை. 'உண்டான்' என்பதற்கும் 'உண்டுவிட்டான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பின்னது செயல் முடிந்தமையை அழுத்திக் கூறுகிறது. ஆகவே 'கிவ் அப்' என்பதைத் தமிழாக்கும்போது 'விட்டுவிடு' என்பது இயல்பாக நம் நாவில் வருகிறது. பெரும்பாலும் அது பொருந்தும். எல்லா இடத்திலும் பொருந்தாது.

இவ்வினையின் முக்கால வடிவங்களை மனத்திற் கொள்க. நிகழ்காலம் 'கிவ் அப்'. இறந்தகாலம் 'கேவ் அப்'. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றோடு வரும் வடிவம் 'கிவன் அப்'.

முதற்பொருள்: ஒப்படைத்தல்

இக்கூட்டுவினையின் மிகப் பழைய பொருள், தன் வசமிருந்ததைப் பகைவரிடமோ அதிகாரியிடமோ ஒப்படைத்தல் என்பதாகும். இப்பொருளில் இது 12ஆம் நூற்றாண்டு முதலே ஆங்கிலத்தில் வழங்குகிறது. செஞ்சிக் கோட்டையின் நிழலில் வாழும் நமக்கு இப்பொருளை விளக்க வேறு எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

1690ஆம் ஆண்டு தொடங்கி மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. மராத்திய மன்னர் இராசாராம் கோட்டையினுள் இருந்தார். முற்றுகை ஏறத்தாழ 8 ஆண்டுகள் நீடித்தது. முடிவில் 1698இல் தளபதி சுல்பிகர் கான் கோட்டையைக் கைப்பற்றினார். அதற்கு முன்பே இராசாராம் தப்பிச் சென்றிருந்தார். இங்கு 'மராத்தாஸ் கேவ் அப் த ஃபோர்ட்' என்று எழுதுவது சரியாகாது. அவர்கள் ஒப்படைக்கவில்லை, மொகலாயர் தாக்கிப் பிடித்தனர். 'த மொகல்ஸ் கேப்சர்ட் த ஃபோர்ட்' என்பதே பொருத்தம். இராசாராமைப் பற்றிக் கூறுவதானால் 'ஹீ எஸ்கேப்ட்' என்க.

1761ஆம் ஆண்டு நிகழ்ச்சி வேறு. அவ்வாண்டு சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. செஞ்சியில் எஞ்சியிருந்த பிரெஞ்சுப் படையினர் ஏப்ரல் மாதத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். இங்கே 'த ஃபிரெஞ்ச் கேவ் அப் த ஃபோர்ட் இன் 1761' என்பது முற்றிலும் பொருந்தும். ஒரே கோட்டை, இரண்டு வீழ்ச்சிகள். ஒன்றுக்குப் பொருந்தும் சொல் மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. 2025 சூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராத்திய அரண்கள் 12இல் செஞ்சியும் ஒன்று. அக்கோட்டையைக் காண வரும் வெளிநாட்டவர்க்கு வரலாறு கூறும் நம் பிள்ளைகள் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று.

குற்றவாளி ஒருவன் தானே சென்று காவலரிடம் சரணடைவதையும் இச்சொல் குறிக்கும். 'ஹீ கேவ் ஹிம்செல்ஃப் அப் டு த போலீஸ்' என்பர்.

இரண்டாம் பொருள்: பழக்கத்தை விடுதல்

'மை அங்க்கிள் கேவ் அப் ஸ்மோக்கிங்' என்றால் 'என் மாமா புகைப்பதை விட்டுவிட்டார்' என்பது பொருள். இன்று மிகுதியாக வழங்கும் பொருள்களுள் இஃதொன்று. இங்கு ஓர் இலக்கண விதியை மறவாதீர். 'கிவ் அப்' என்பதன்பின் மற்றொரு வினை வருமாயின் அது 'இங்' என்னும் ஈற்றோடு வரவேண்டும். 'கேவ் அப் டு ஸ்மோக்' என்பது பிழை.

இலக்கணத்தினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. அதனை நம் இல்லங்களில் பிறந்த பிள்ளைகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 'கிவ் அப்' என்றால், முன்பு செய்ததை இப்போது நிறுத்துதல். முன்பு செய்யாததை விடுதல் இயலாது. வெளியூர்க் கல்லூரி விடுதியில் சேரும் நம் மாணவன், உடன் பயில்வோரிடம் 'ஐ ஹேவ் கிவன் அப் மீட்' என்றால், 'நான் முன்பு ஊன் உண்டேன், இப்போது நிறுத்திவிட்டேன்' என்றே அவர்கள் கொள்வர். 'எப்போது நிறுத்தினாய்? ஏன் நிறுத்தினாய்?' என்ற கேள்விகளும் எழும். பிறந்தது முதலே ஊன் உண்ணாதவன் 'ஐ டோன்ட் ஈட் மீட்' அல்லது 'ஐ ஹேவ் நெவர் ஈட்டன் மீட்' என்றே கூறவேண்டும்.

ஊன், கள், தேன் ஆகியவற்றை விலக்குதல் சிராவகர்க்குரிய மூலகுணங்களுள் அடங்கும். அவற்றை ஆங்கிலத்தில் விளக்கும்போது 'வீ அப்ஸ்டெய்ன் ஃப்ரம் மீட், லிக்கர் அண்ட் ஹனி' என்பது சாலப் பொருந்தும். 'அப்ஸ்டெய்ன்' என்பது விலகி நிற்றலைக் குறிக்கிறது; முன்பு உண்டாரா இல்லையா என்பதைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. இடைவயதில் இரவுணவை நிறுத்தி விரதம் ஏற்றவரோ 'ஐ ஹேவ் கிவன் அப் ஈட்டிங் ஆஃப்டர் சன்செட்' என்று தயங்காமல் கூறலாம். அங்கு முன்பிருந்த பழக்கம் உண்மையிலேயே விடப்பட்டது.

மூன்றாம் பொருள்: முயற்சியைக் கைவிடுதல்

பின்னால் எப்பெயரும் இன்றித் தனித்து வரும்போது, இச்சொல் முயற்சியில் தளர்ந்து தோல்வியை ஒப்புக்கொள்ளுதலைக் குறிக்கும். 'டோன்ட் கிவ் அப்' என்றால் 'மனம் தளராதே'. விடுகதைக்கு விடை தெரியாத சிறுவன் 'ஐ கிவ் அப்' என்கிறான். 'தோற்றேன், நீயே சொல்லிவிடு' என்பது அதன் கருத்து.

நம் பிள்ளைகள் இவ்விடத்தில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'ஷீ ஹேஸ் கிவன் அப் காஃபி' என்பது காபி குடிப்பதை நிறுத்தினார் என்று பொருள்படும். 'ஷீ ஹேஸ் கிவன் அப்' என்று மட்டும் நிறுத்தினால், 'அவர் மனம் உடைந்து போனார்' என்றாகிவிடும். ஒரு சொல் குறைந்தால் பொருள் தலைகீழாகிறது. நோயாளியைப் பற்றிப் பேசுமிடத்தில் இது பெருங்கேடாய் முடியும்.

நான்காம் பொருள்: விட்டுக்கொடுத்தல்

'ஹீ கேவ் அப் ஹிஸ் சீட் டு அன் ஓல்ட் லேடி' என்றால், பேருந்தில் மூதாட்டி ஒருவர்க்குத் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தான் என்பது பொருள். இங்கு தோல்வியும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. பிறர் நலம் கருதிய செயலே உள்ளது. 'கொடு' என்னும் வினை ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே தமிழிலும் 'விட்டுக்கொடு' என்பதனுள் இருப்பதைக் காண்க. இரு மொழிகளும் மிக நெருங்கி வரும் இடம் இதுவே.

இப்பொருளை நாடு முழுவதும் அறியச் செய்தது 2015 மார்ச்சில் மைய அரசு தொடங்கிய 'கிவ் இட் அப்' என்னும் இயக்கம். வசதியுள்ளோர் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமே முன்வந்து விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஓராண்டு அளவில் 1 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் மானியத்தை விட்டுக்கொடுத்தன. அவ்வியக்கத்தின் பெயரே ஓர் இலக்கணப் பாடம். 'இட்', 'தெம்', 'ஹிம்' போன்ற மாற்றுப்பெயர்கள் வரும்போது அவை 'கிவ்', 'அப்' ஆகிய இரண்டிற்கும் நடுவில்தான் நிற்கும். 'கிவ் இட் அப்' என்பது சரி. 'கிவ் அப் இட்' என்பது பிழை. பெயர்ச்சொல் வருமாயின் இருவகையும் ஏற்கும்: 'கிவ் அப் த சப்சிடி' என்றும் 'கிவ் த சப்சிடி அப்' என்றும் கூறலாம்.

ஐந்தாம் பொருள்: நம்பிக்கை இழத்தல்

'ஆன்' என்னும் சொல் சேர்ந்து 'கிவ் அப் ஆன்' என வந்தால், ஒருவர் மீதோ ஒன்றன் மீதோ வைத்த நம்பிக்கையை இழத்தல் என்பது பொருள். 'த டீச்சர் நெவர் கேவ் அப் ஆன் ஹிம்' என்றால், 'ஆசிரியர் அவன்மீது கொண்ட நம்பிக்கையை ஒருபோதும் இழக்கவில்லை' என்பதாம். 'ஹீ கேவ் அப் ஹிஸ் சன்' என்பதும் 'ஹீ கேவ் அப் ஆன் ஹிஸ் சன்' என்பதும் ஒன்றல்ல. முன்னது மகனைப் பிறர் வசம் ஒப்படைத்தான் என்னும் பொருளது. பின்னது மகன் தேறுவான் என்னும் நம்பிக்கையை இழந்தான் என்னும் பொருளது.

இவற்றோடு 'கிவ் அப் த கோஸ்ட்' என்னும் பழைய வழக்கு ஒன்றும் உண்டு. அதற்கு உயிர்விடுதல் என்பது பொருள். இக்காலத்தில் ஓடாமல் நின்றுபோன பழைய வண்டியைப் பற்றியும் நகைச்சுவையாக இவ்வாறு கூறுவர். உடல்நலம், உணவு, உயிர் ஆகியவற்றோடு 'கிவ் அப்' சேரும்போதெல்லாம் ஆங்கிலம் பேசுவோர் மனத்தில் அழிவின் சாயல் படிவதில் வியப்பில்லை. பெங்களூர் மருத்துவர் கலங்கியது இதனாலேயே.

அண்டைச் சொற்கள்

'கிவ்' என்பதோடு வேறு இடைச்சொற்கள் சேர்ந்து வருவனவற்றையும் சுருக்கமாகக் காண்போம். 'கிவ் இன்' என்றால், பிறர் வற்புறுத்தலுக்கு இணங்கிவிடுதல். 'கிவ் பேக்' என்றால் திருப்பிக் கொடுத்தல். 'கிவ் அவுட்' என்றால் பலர்க்கும் பங்கிட்டு வழங்குதல். 'கிவ் அவே' என்றால் விலையின்றி ஈதல். மறைபொருளை வெளிப்படுத்திவிடுதல் என்றும் பொருள்படும். ஆகார தானம், ஔடத தானம் முதலியவற்றைப் பற்றி எழுதும்போது 'கிவ் அப்' என்று எழுதிவிடுவார் உளர். தானம் என்பது கொடுத்தல். 'கிவ்' என்பதோ 'டொனேட்' என்பதோ போதும்.

துறவு என்பதை எவ்வாறு கூறுவது?

இனி முதன்மையான வினாவிற்கு வருவோம். 'மகாவீரர் தம் 30ஆம் அகவையில் அரச வாழ்வைத் துறந்தார்' என்பதை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது? 'மகாவீரா கேவ் அப் ஹிஸ் ராயல் லைஃப்' என்று எழுதினால் அது பிழையன்று. ஆனால் குறைவுடையது. இங்கிலாந்து மன்னர் 8ஆம் எட்வர்டு, தாம் விரும்பிய பெண்ணை மணப்பதற்காக 1936 திசம்பரில் அரியணையை விட்டு நீங்கினார். அதனைக் கூறவும் ஆங்கிலேயர் 'ஹீ கேவ் அப் த த்ரோன்' என்றே எழுதுவர். ஒரு பற்றிற்காக அரியணையை விட்டவர்க்கும், எல்லாப் பற்றையும் ஒழிக்க அரண்மனையை நீங்கியவர்க்கும் ஒரே சொல் போதுமா? கை விட்டது என்பதை மட்டுமே 'கிவ் அப்' கூறுகிறது. எந்த மனத்தோடு விட்டது என்பதை அது கூறுவதில்லை.

தமிழ் இவ்வகையில் வளமுடையது. கைவிடுதல், விட்டுவிடுதல், விட்டுக்கொடுத்தல், நீத்தல், துறத்தல் என்று விடுகின்ற மனத்திற்கேற்பச் சொல் மாறுகிறது. குழந்தையைக் கைவிட்டான் என்போம். துறந்தான் என்று பொதுவாகக் கூறமாட்டோம். உலகைத் துறந்தார் என்போம். கைவிட்டார் என்றால் பொருள் சிதையும். ஆங்கிலத்திலும் இதற்கு ஈடான சொல் உண்டு. அது 'ரினௌன்ஸ்'. தெளிந்த அறிவோடும் உறுதியோடும் ஒன்றை வேண்டாவென விலக்குதல் அதன் பொருள். பெயர்ச்சொல்லாக வருங்கால் 'ரினன்சியேஷன்' என்பர். தசலட்சண தருமங்களுள் ஒன்றாகிய உத்தம தியாகத்தை ஆங்கிலத்தில் கூற இச்சொல்லே தகுதியுடையது. ஆகவே 'மகாவீரா ரினௌன்ஸ்ட் ஹிஸ் ராயல் லைஃப்' என்று எழுதுக.

திருநாதர் குன்றின் பாடம்

செஞ்சியை அடுத்துள்ள திருநாதர் குன்றை அறியாதார் நம்முள் இலர். 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களும் ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள அக்குன்றில், தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆய்வோர் போற்றும் கல்வெட்டு ஒன்று உள்ளது. சந்திரநந்தி ஆசிரியர் என்னும் முனிவர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த இடமே அது என்பதை அது தெரிவிக்கிறது. வட்டெழுத்து தோன்றி வளர்ந்த தொடக்கக் காலத்தைச் சார்ந்தது அக்கல்வெட்டு. அதே குன்றில் இளைய பட்டாரர் என்பவர் 30 நாட்கள் நோன்பிருந்ததைக் குறிக்கும் பிற்காலக் கல்வெட்டும் உண்டு.

இவற்றை ஆங்கிலத்தில் எவ்வாறு கூறுவோம்? வெளியூர் நண்பர் ஒருவரைக் குன்றிற்கு அழைத்துச் செல்லும் நம் பிள்ளை, 'ஹீ கேவ் அப் ஃபுட் ஃபார் ஃபிஃப்ட்டி செவன் டேஸ் அண்ட் டைட்' என்று கூறக்கூடும். கேட்பவர் மனத்தில் என்ன தோன்றும்? துயரம் தாங்காத ஒருவர் பட்டினி கிடந்து மாண்டார் என்றே தோன்றும்.

ஆனால் அக்கல்லில் பொறித்த சொல்லைக் கவனியுங்கள். 'உணவை விட்ட' என்று அங்கு இல்லை. அனசனம் 'நோற்ற' என்றே உள்ளது. நோற்றல் என்பது விடுதல் அன்று, மேற்கொண்டு செய்தல். நோன்பு என்னும் பெயரும் அதன் வழி வந்ததே. ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் 'அப்சர்வ்'. 'ஹீ அப்சர்வ்ட் எ ஃபாஸ்ட் ஆஃப் ஃபிஃப்ட்டி செவன் டேஸ்' என்றால், முறைப்படி ஏற்று, ஒழுங்காக நிறைவேற்றிய நோன்பு என்பது விளங்கும். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதியவர் தேர்ந்த சொல்லைவிடத் தாழ்ந்த சொல்லை நாம் ஆங்கிலத்தில் ஆளலாமா?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராசத்தான் உயர்நீதிமன்றம், சந்தாரா எனவும் சல்லேகனை எனவும் வழங்கும் நோன்பு தற்கொலைக்கு ஒப்பானது என்றும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 306, 309 ஆகிய பிரிவுகளின்கீழ்த் தண்டனைக்குரியது என்றும் தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமணர்கள் அமைதியாக ஊர்வலம் சென்று தம் வருத்தத்தைத் தெரிவித்தனர். அதே மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பிற்குத் தடை விதித்தது. நீதிமன்றங்களின் ஆய்வு சட்டத்தைப் பற்றியது. அதனுள் இப்பாடம் புகாது. ஆயினும் அந்நாட்களில் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ந்த உரையாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. நம் நெறியை அயலார்க்கு விளக்க வேண்டிய பொறுப்பு, ஆங்கிலம் கற்ற நம் இளைஞர் மீதே விழுந்தது. இத்தகைய வேளையில் ஒரு சொல் நமக்குத் துணையாகலாம். ஒரு சொல் நம்மைக் காட்டியும் கொடுக்கலாம்.

நம் ஆசாரியர்கள் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தனர். பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இவ்வினாவையே எழுப்பி விடை கூறுகிறார். பற்றும் வெறுப்பும் மயக்கமும் உந்தத் தன்னை மாய்த்துக்கொள்வதே தற்கொலை. அவை நீங்கிய உள்ளத்தோடு ஏற்கும் சல்லேகனை அத்தகையதன்று என்பது அவர் கருத்து. நினைத்த மாத்திரத்தில் எவரும் மேற்கொள்ளத்தக்கதன்று அது. தீர்க்கவொண்ணாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகிய நிலைகளில்தான் அதனை ஏற்கலாம் என்று சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் வரையறுத்துள்ளார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைத் தமிழ்ச் சமணர் நாம் அறிவோம். மனத்துயரால் உணவை மறுப்பவர்க்கு வேண்டுவது அன்பும் மருத்துவமும். அதற்கு நோன்பு என்று பெயரிடுதல் நோன்பையே பழிப்பதாகும். 'கிவ் அப்' என்னும் சொல்லால் இவ்விரண்டையும் கலந்துவிடுதல், இருபாலும் தீங்கு பயக்கும்.

ஆகவே நினைவிற் கொள்க: பழக்கத்தை விட்டால் 'கிவ் அப்', பிறர்க்கு விட்டுக்கொடுத்தாலும் 'கிவ் அப்'. பிறப்பு முதலே விலகியிருந்தால் 'அப்ஸ்டெய்ன்'. உலகைத் துறந்தால் 'ரினௌன்ஸ்'. விரதம் ஏற்றால் 'அப்சர்வ் எ ஃபாஸ்ட்'. மருத்துவரிடம் செல்லும்போது, இன்ன விரதம், இத்தனை நாள், நீர் அருந்துவது எவ்வேளை, பாரணை எந்நாள் என்பவற்றை முதலிலேயே தெளிவாகக் கூறிவிடுக. அவர் கூறும் அறிவுரையையும் செவிமடுத்துக் கேட்க.

பயிற்சி

பின்வரும் தொடர்களை ஆங்கிலத்தில் பெயர்க்க. எல்லாவற்றிலும் 'கிவ் அப்' வராது என்பதை மறவற்க.

1. தாத்தா மூக்குப்பொடி போடுவதை விட்டுவிட்டார்.
2. எங்கள் வீட்டில் எவரும் முட்டை உண்பதில்லை.
3. அண்ணன் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான்.
4. கணக்கு கடினமாயிருந்தும் அவள் முயற்சியைக் கைவிடவில்லை.
5. அத்தை நேற்று உபவாசம் இருந்தார்.
6. நேமிநாதர் தம் மணநாளன்றே உலக வாழ்வைத் துறந்தார்.

விடைகள்

1. கிராண்ட்ஃபாதர் ஹேஸ் கிவன் அப் டேக்கிங் ஸ்னஃப்.
2. நோபடி இன் அவர் ஹவுஸ் ஈட்ஸ் எக்ஸ்.
3. த எல்டர் பிரதர் கேவ் அப் ஹிஸ் ஷேர் டு த யங்கர்.
4. த சம் வாஸ் டிஃபிகல்ட், பட் ஷீ டிட் நாட் கிவ் அப்.
5. மை ஆன்ட் அப்சர்வ்ட் எ ஃபாஸ்ட் யெஸ்டர்டே.
6. நேமிநாதா ரினௌன்ஸ்ட் வேர்ல்ட்லி லைஃப் ஆன் ஹிஸ் வெட்டிங் டே.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருநாதர் குன்றிற்குச் செல்லுங்கள். அக்கல்வெட்டின் முன் நின்று, 'இதனை ஆங்கிலத்தில் எவ்வாறு கூறுவாய்?' என்று கேளுங்கள். விடையை அவர்களே தேடிக் கண்டடையட்டும்.